‘ஒன்றுமில்லை’ என்று சொல்லாதீர்கள்!

நம் ஊர்களில் மிகத் தாராளமாக வழங்கப்படும் சொல் ‘ஒன்றுமில்லை’ என்பது. குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறோம். வீட்டில் பெரிய சண்டை நடந்து ஓய்ந்த கையோடு விருந்தாளி வந்து, “என்ன விஷயம்?” என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறோம். இந்தச் சொல்லைப் போட்டு எத்தனை மனஸ்தாபங்களை மூடி வைத்திருக்கிறோம் என்பது கதை எழுதிப் பிழைக்கிற எனக்குத் தெரியும். என் நாவல்களில் பாதி அந்த மூடியைத் திறக்கிற வேலைதான். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு காகிதத்தைப் புரட்டியபடி, நின்ற நிலையிலேயே ஒரு டாக்டர் சொல்லுகிற ‘ஒன்றுமில்லை’ இருக்கிறதே, அதோடுதான் இன்று எனக்குச் சண்டை.

எங்கள் சித்தப்பாவுக்கு ஊர் ஜவளகிரி. தேன்கனிக்கோட்டைத் தாலுகாவில் காட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர். கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். வீட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷை என்று தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகப் புழங்குகிற ஜனங்கள். சித்தப்பா ஓசூர்த் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் மிஷினின் முன்னால் நின்றவர். ஓய்வு பெற்றதும் ஊரோடு வந்து, இரண்டு ஏக்கரில் கேழ்வரகு போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அறுபத்தாறாவது வயதில், இரவில் நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஓசூரில் போய்க் காட்டினார். ரத்தம் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. என்ற ஒரு கணக்கு 6.8 வந்தது. நாலுக்குள் இருக்க வேண்டுமாம். பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே பன்னிரண்டு ஊசி போட்டுச் சுரப்பியிலிருந்து சதையெடுத்துச் சோதித்தார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: “நெகடிவ். ஒன்றுமில்லை. இந்த மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள்.”

சித்தி அந்த வாரமே கோயிலில் பொங்கல் வைத்தாள். நான் சென்னையிலிருந்து போன் செய்து, “சித்தப்பா, கண்டம் தாண்டிட்டீங்க” என்றேன். நானும் குற்றவாளிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பி.எஸ்.ஏ. என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கிற ஒரு புரதம் இது. விந்து இளகுவதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு. ரத்தத்தில் துளியூண்டு கசியும். சுரப்பியில் புற்றுநோய் வந்தால் கசிவு கூடும். ஆனால் வயதானபின் சுரப்பி சும்மா வீங்கினாலும் கூடும். மூத்திரத்தில் கிருமி புகுந்தாலும் கூடும். இரண்டு நாள் முன்னால் நீண்ட தூரம் சைக்கிள் மிதித்தால்கூடச் சற்றுக் கூடலாம். ஆகவே கணக்கு ஏறினால் நோய் என்றும் அர்த்தமில்லை. இறங்கினால் சுகம் என்றும் அர்த்தமில்லை. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், இந்தக் கணக்கு நாலைத் தாண்டாத ஆண்களுக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் புற்றுநோய் இருந்தது. நாலு என்பது மனிதன் போட்ட கோடு. ரத்தத்துக்கு அந்தக் கோடு தெரியாது.

இந்தச் சோதனையின் சரித்திரமே ஒரு தகராறுதான். ரிச்சர்ட் ஆப்லின் என்ற விஞ்ஞானி 1970-இல் இந்தச் சுரப்பிக்கே உரிய ஒரு பொருளைக் கண்டார். 1979-இல் மிங் சூவும் அவருடைய சகாக்களும் பி.எஸ்.ஏ.யைப் பிரித்தெடுத்தார்கள். 1986-இல் அமெரிக்கச் சர்க்கார் இதை அனுமதித்தது, எதற்காக? ஏற்கெனவே புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றவர்களைக் கவனிப்பதற்காக. நோயைக் கண்டுபிடிக்க உதவும் கருவி என்ற பட்டம் 1994-இல்தான் கிடைத்தது. இதை எல்லா ஆண்களுக்கும் போட்டு வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று 2010-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் கொதித்து எழுதியவர் வேறு யாருமல்ல, அதே ஆப்லின்தான். பெற்ற தகப்பனே பிள்ளையின் மேல் புகார் கொடுத்த கதை!

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ‘முழு உடல் பரிசோதனை’ என்று எண்பது சோதனைகளை ஒரு மூட்டையாகக் கட்டித் தள்ளுபடி விலையில் விற்கிற கடைகளைப் பார்க்கிறேன். அந்த மூட்டையில் இதுவும் ஒன்று. கேட்காதவனுக்கும் எடுக்கிறார்கள். கணக்கு ஏறியிருந்தால் சிவப்பு மையில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எழுபத்தெட்டு வயதுக் கிழவருக்கு எதற்கு இந்தச் சிவப்பு மை? எழுபதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2018-இல் சொல்லிவிட்டது. இந்த நோயில் பலவகை உண்டு. ஆமை மாதிரி நகருவது, ஆளோடு சேர்ந்து சுடுகாட்டுக்குப் போவதே ஒழிய ஆளைக் கொண்டுபோகாது. அதைத் தோண்டி எடுத்து, அறுத்து, ஆண்மையும் போய், மூத்திரமும் அடங்காமல், வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனவர்கள் எத்தனையோ பேர். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஊரிலுள்ள ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடு என்று சொல்ல நான் வரவில்லை.

நான் பேசுவது வேறு ஒரு மனிதனைப் பற்றி. அவனுக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டது. ஊசியும் போட்டாகிவிட்டது. ‘இல்லை’ என்று பதிலும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனை நாம் என்ன செய்கிறோம்?

தெருவில் விட்டுவிடுகிறோம்.

ஜவளகிரிப் பக்கத்தில் போர் போடாத விவசாயி இல்லை. ஐந்நூறு அடி இறங்கி வெறும் புகை வந்ததென்றால் என்ன சொல்லுவான்? “இந்த இடத்துல இல்லை” என்பான். “பூமியிலேயே தண்ணி இல்லை” என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். பன்னிரண்டு ஊசியில் வருகிற சதை, நூல்துண்டு மாதிரி பன்னிரண்டு இழை. எல்லாவற்றையும் சேர்த்தாலும் வீங்கிய சுரப்பியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த இழைகளில் நோய் இல்லை என்பதுதான் அந்தக் காகிதம் சொல்வது. பிரிட்டனில் 576 ஆண்களை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, இந்தப் பழைய முறை ஊசி, கவலைப்பட வேண்டிய புற்றுநோய்களில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை என்று காட்டியது: நூற்றுக்கு 48. அதே ஆட்களை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 93-ஐச் சந்தேகித்துக் காட்டியது. படத்தில் சந்தேகம் தெரிகிற இடத்தைக் குறிபார்த்து ஊசி போடுகிற வழக்கம் அதற்குப் பிறகுதான் வலுப்பட்டது. சித்தப்பாவுக்கு முதலில் படம் எடுக்கவில்லை. பணம் காரணமா, மறதியா என்று கேட்க நான் அப்போது பக்கத்தில் இல்லை.

நெகடிவ் என்ற காகிதத்தின் இரண்டாவது வரியை யாராவது வாசிக்கிறார்களா என்பதும் என் சந்தேகம். ‘புற்றுநோய் இல்லை’ என்று எழுதிவிட்டுக் கீழே, ‘சில செல்கள் சந்தேகத்துக்கிடமாக இருக்கின்றன’ என்று எழுதியிருப்பார்கள். அது ‘இல்லை’ ஆகாது. மறுபடி வந்து பார் என்ற உத்தரவு அது. இங்கிலீஷில் இருப்பதால் வீட்டில் எவருக்கும் புரியாது. பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாகப் போய்விடும்.

இனிமேல்தான் என் ஆத்திரத்துக்கே காரணமான சங்கதி. சித்தப்பாவுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்களல்லவா? சுரப்பியின் வீக்கத்தைச் சுருக்குகிற மாத்திரை. டூட்டாஸ்டெரைடு என்று பெயர். ஃபினாஸ்டெரைடு என்று இன்னொன்றும் உண்டு. நல்ல மருந்துகள்தாம், லட்சக்கணக்கான கிழவர்கள் இவற்றால் இரவில் தூங்குகிறார்கள். ஆனால் இவற்றுக்கு ஒரு குணம் உண்டு. ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. கணக்கை ஏறக்குறையப் பாதியாக இறக்கிவிடும். ஆகவே இந்த மாத்திரை சாப்பிடுகிறவருடைய கணக்கை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். மாத்திரைக்குப் பிறகு இறங்கிய கணக்கு திரும்ப ஏற ஆரம்பித்தால், அது ஒரு புள்ளியானாலும், ‘எழுந்திரு’ என்று அர்த்தம். இது ரகசியமல்ல, சிறுநீரக டாக்டர்களுக்குப் பாலபாடம்.

மூன்று வருஷம் சித்தப்பா எந்தச் சோதனைக்கும் போகவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியாகிவிட்டதே! பிறகு ஒரு தடவை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போனவர், அங்கேயே ஒரு மூட்டைப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டார். பி.எஸ்.ஏ. 4.9. வீட்டில் ஒரே கொண்டாட்டம். “ஏம்ப்பா, ஆறே முக்காலுக்கு மேல இருந்தது நாலே முக்காலுக்கு வந்துடுச்சு பாரு, மாத்திரை நல்லா வேலை செய்யுது” என்று என்னிடம் போனில் சொன்னார். காகிதத்தைப் பார்த்த டாக்டரும், “குறைஞ்சிருக்கு, தொடருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை. அந்த மாத்திரை சித்தியின் சுருக்குப் பையில் இருந்தது. மூத்திர மாத்திரையைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுவதாவது!

6.8-இல் இருந்தது மாத்திரையால் மூன்றரைக்கு வந்திருக்க வேண்டும். 4.9 என்றால் உள்ளபடிக்கு ஏறக்குறையப் பத்து. கணக்கு குறையவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெருக்கல் கணக்கு, இரண்டாம் வகுப்புப் பிள்ளை போடுவது, அதை மூன்று வருஷம் ஒருவரும் போடவில்லை.

நாலாவது வருஷம், நான் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மெலிந்திருந்தார். என்னோடு பெங்களூருக்கு அழைத்துப்போனேன். வேறோர் இடத்தில், ஓர் இளைஞர், உட்காரச் சொல்லி முதலில் கேட்ட கேள்வியே, “ஐயா, வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்பதுதான். சித்தி சுருக்குப் பையை மேஜையில் கொட்டினாள். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். படம் எடுத்தார்கள். சுரப்பியின் முன்பக்கத்தில், வழக்கமான ஊசி எட்டிப் பார்க்காத மூலையில், நோய் இருந்தது. உறையைத் தாண்டி வெளியே கை நீட்டியிருந்தது. எலும்புக்குப் போகவில்லை. அதற்காகச் சித்தி மறுபடியும் பொங்கல் வைத்தாள்.

மூன்று வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேறாக ஆவதற்கு ஒரு வாய்ப்பு அவருக்கு இருந்தது. அந்த வாய்ப்பை அவரைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள்.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் டாக்டர், நல்லவர், நான் மதிக்கிறவர். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: “நீ கதை எழுதறவன், உனக்கு நேரம் இருக்கு. என் வராந்தாவில காலையில எண்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒவ்வொருத்தரையும் உட்கார வெச்சு, ‘ஊசியில இல்லை, ஆனா இருக்கவும் கூடும்’னு சொன்னா அந்த ஆள் வீட்டுக்குப் போய்த் தூங்குவானா? நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை. அவங்க நிம்மதியை ஏன் கெடுக்கணும்?”

இதற்கு நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அவர் சொல்லும் கணக்கு சரி. டென்மார்க்கில் 1995 முதல் 2011 வரை முதல் ஊசியில் ‘இல்லை’ என்று வந்த ஆண்களையெல்லாம் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்டார்கள். இருபது வருஷத்தில் அவர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். மற்றக் காரணங்களால் இறந்தவர்கள் அறுபதை ஒட்டி. ஆகவே பெரும்பாலோருக்கு நெகடிவ் என்பது நல்ல செய்திதான். ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்லுகிறது. ஆரம்பத்தில் பி.எஸ்.ஏ. பத்துக்குள் இருந்தவர்களில் பதினைந்து வருஷத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இருபதுக்கு மேல் இருந்தவர்களில் பதினேழு பேருக்கு மேல். ஒரே ‘நெகடிவ்’தான், ஆனால் ஆளுக்கு ஆள் அர்த்தம் வேறு! எல்லோருக்கும் ஒரே ‘ஒன்றுமில்லை’யை எப்படி வழங்குவது? பத்துக்குள் இருந்த எங்கள் சித்தப்பா பயப்பட வேண்டியவர் அல்ல; கவனிக்கப்பட வேண்டியவர். பயத்துக்கும் கவனத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா ஜவளகிரிக்காரன்? ஐப்பசி, கார்த்திகையில், கேழ்வரகு முற்றுகிற சமயத்தில், பன்னேருகட்டாப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் காட்டுக்குள் இறங்குகிறது. பரண் கட்டிக் காவல் இருக்கிறார்கள். நேற்று வரவில்லை என்பதற்காக எவனும் பரணைப் பிரித்துவிடுவதில்லை. பரணில் இருக்கிறவன் தினமும் அழுதுகொண்டும் இருப்பதில்லை. பீடி குடித்துக்கொண்டு, பக்கத்துக் காட்டுக்காரனோடு கதை பேசிக்கொண்டுதான் இருக்கிறான். அந்த மனிதனிடம் உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டான் என்று நகரத்து டாக்டர் நினைப்பது, மன்னிக்க வேண்டும், இரக்கமல்ல, இளப்பம்.

நேரம் இல்லை என்கிறாரா? சரி, பேச வேண்டாம். அரைத் தாள் காகிதம் கொடுக்கட்டும். தமிழில் ஒன்று; எங்கள் பக்கத்துக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருந்தால் புண்ணியம். ‘உமக்கு இன்ன தேதியில் பி.எஸ்.ஏ. இவ்வளவு, சுரப்பியின் அளவு இவ்வளவு, ஊசியில் வந்தது இது, நீர் சாப்பிடும் மாத்திரை கணக்கைப் பாதியாக்கும், எந்த டாக்டரிடம் போனாலும் இதைக் காட்டும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதே சோதனைக்கூடத்தில் ரத்தம் கொடும், இந்த அளவைத் தாண்டினால் வாரும், இத்தனை வயதுக்குமேல் நிறுத்திவிடும்.’ இவ்வளவுதான். கடைசி வரியை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். எப்போது நிறுத்துவது என்று சொல்லாத கவனிப்பு, கிழவரைச் சாகும்வரை ஊசி முனையில் வைத்திருக்கும். சுரப்பியின் அளவை ஏன் எழுத வேண்டும் என்றால், பெரிய சுரப்பி இயல்பாகவே அதிகம் கசியும். அளவால் கணக்கை வகுத்துப் பார்த்தால் வீண் பயம் பல பேருக்குத் தீரும், வீணாக இரண்டாம் ஊசியும் தவிரும். அந்த ஊசியும் விளையாட்டல்ல. ரத்தப் போக்கு உண்டு, விஷக் காய்ச்சல் வந்து படுத்தவர்கள் உண்டு.

அதே சோதனைக்கூடம் என்று ஏன் அழுத்துகிறேன்? எங்கள் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி இரண்டு ராஜ்யத்தில் இருக்கிறது. பணம் இருந்தால் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூர். இல்லாவிட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று ரத்தம் கொடுத்தால், வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒரே ரத்தத்துக்கு வெவ்வேறு கணக்குச் சொல்லும். ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் சாதாரணம். ஏறியதா இறங்கியதா என்பதே தெரியாமல் போகும். ஏறியதாகவே தெரிந்தாலும், உடனே குதிக்காமல் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கிருமி தொற்றியிருந்தால் அது தீர்ந்த பிறகு பார்க்க வேண்டும். ஏறிய கணக்குத் தானாக இறங்குவதும் சகஜம்.

சர்க்காரிடமும் ஒரு விண்ணப்பம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுத்துக் குறித்துக்கொண்டு போகிறார்கள் பெண்கள். தேசத்தின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான் உண்டு, புரோஸ்டேட் இல்லை. எல்லாருக்கும் வேண்டாம் என்ற அந்த முடிவு சரி என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஏற்கெனவே ஊசி போட்டு ‘இல்லை’ என்று வந்தவர்கள் ஒரு கிராமத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணலாம். அந்தக் குறிப்பேட்டில் அவர்களுக்கு ஒரு வரி சேர்க்கக் கூடாதா? ‘இவருக்கு வருஷத்துக்கு ஒரு ரத்தம்’ என்று?

வீட்டுக்காரர்களையும் விடுவதாயில்லை. பெண்களுடைய நோயைப் பற்றி ஆண்கள் பேசவிடவில்லை என்று நான் எழுதியிருக்கிறேன். ஆண்களுடைய நோயைப் பற்றி ஆண்களே பேசுவதில்லை. டாக்டர் விரல் விட்டுப் பார்க்கிற பரிசோதனை ஒன்று இதற்கு உண்டு. ஒரு நிமிஷ வேலை. அதற்கு வெட்கப்பட்டு வாசலோடு திரும்பி வந்ததாகச் சித்தப்பா என்னிடம் ஒப்புக்கொண்டது, நோய் கண்ட பிறகு. “உங்கிட்ட எப்படிப்பா சொல்றது, நீ பிள்ளை மாதிரி” என்றார். பிள்ளையிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவது?

இப்போது அவருக்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்து, ஊசி மருந்து நடக்கிறது. உடம்பு திடீர் திடீரென்று சுடுகிறது என்கிறார். அந்த ஊசியின் குணம் அது. பால் கணக்கு எழுதுகிற நோட்டில் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, தேதி, கணக்கு, சோதனைக்கூடம் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறார். லேத் வேலைக்காரரின் கோடு, நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது. முதல் வரிசையில் 6.8 என்றும், இரண்டாவதில் 4.9 என்றும் எழுதி, இரண்டாவதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 9.8 என்று எழுதியிருக்கிறார். அடுத்த சோதனை தை மாதம்.